பாதி விலைக்கு வாங்கிய ஆசை

நேயர்களுக்கு என் வணக்கம்.

வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இரவு உண்டு. வேலைகளெல்லாம் முடிந்து இரண்டு மணி நேரம் கையில் கிடைத்திருக்கும். கணினியைத் திறந்து, வாங்கி வைத்திருக்கும் விளையாட்டுகளின் பட்டியலை மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே போவோம். என்னுடைய பட்டியலில் 300க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறையப் பாதியை நான் ஒரு முறைகூடத் திறந்து பார்த்ததில்லை. எதை ஆடுவது என்று தீர்மானிப்பதற்குள் அரை மணி நேரம் கரைந்துவிடும். கடைசியில், பத்து ஆண்டுகளாக ஆடிவரும் அதே பழைய விளையாட்டுக்குத்தான் விரல் போகும். அதை நான் முழு விலை கொடுத்து வாங்கினேன். திறக்காமல் கிடப்பவற்றில் பெரும்பாலானவை பெரும் தள்ளுபடியில் வந்தவை.

இவ்விரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்ற கேள்வி என்னை நெடுநாளாக அரித்துக்கொண்டிருக்கிறது. விலையை அடியோடு குறைத்து விற்றால், ஆடுகிறவர் மனத்தில் அந்த விளையாட்டின் மதிப்பும் சேர்ந்து இறங்கிவிடுகிறதா?

பெட்டிகளில் அடைத்து விற்ற காலத்தில் விலைக் குறைப்புக்கு ஒரு கட்டாயம் இருந்தது. அலமாரியில் இடம் வேண்டும், தேங்கிய சரக்கு வெளியேற வேண்டும். 1983இல் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. அடாரி என்ற வீட்டு ஆட்டக் கருவி கோலோச்சிய காலத்தில் தரம் பார்க்காமல் செய்து குவித்த விளையாட்டுகள் விற்காமல் தேங்க, 35 டாலர், 40 டாலர் என்று விற்றவை 5 டாலருக்குக் கடைக் கூடைகளில் கொட்டப்பட்டன. அந்தத் தொழிலே சில ஆண்டுகள் படுத்துவிட்டது. இணையம் வழியாக விற்கும்போது அந்தக் கட்டாயம் இல்லை. கோப்பு தேங்காது, தீர்ந்தும் போகாது. ஆகவே இன்றைய தள்ளுபடி, விற்பவர் யோசித்து எடுக்கும் முடிவு. அந்த முடிவு எவ்வளவு பலன் தரும் என்பதை வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல் 2009ஆம் ஆண்டு தொழில்துறையினர் மாநாடு ஒன்றில் விளக்கினார். 2003இல் அவர்கள் தொடங்கிய ஸ்டீம் விற்பனைத் தளத்தின் கணக்கு அது. விலையை 10 சதவீதம் குறைத்தபோது வருவாய் 35 சதவீதம் கூடியது. 25 சதவீதம் குறைத்தபோது 245 சதவீதம். பாதி விலைக்கு 320 சதவீதம். 75 சதவீதம் குறைத்தபோது 1470 சதவீதம். விற்ற பிரதிகளின் எண்ணிக்கையை வைத்துச் சொன்ன கணக்கு என்று எண்ணிவிடாதீர்கள். கைக்கு வந்த பணத்தின் கணக்கு.

இந்த எண்களைப் பார்த்த பிறகு எந்த விற்பனையாளர் சும்மா இருப்பார்? அடுத்த சில ஆண்டுகளில் கோடைத் தள்ளுபடி, குளிர்காலத் தள்ளுபடி என்பவை திருவிழாக்களாகவே ஆகிவிட்டன. எதிர்ப்பும் வந்தது. 2012இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் விற்பனைத் தளத்துக்குப் பொறுப்பாளராக இருந்த டேவிட் டிமார்ட்டினி, இத்தகைய ஆழமான தள்ளுபடி படைப்பின் மதிப்பையே மலிவாக்கிவிடும் என்றார். வால்வ் தரப்பில் ஜேசன் ஹோல்ட்மன் பதில் சொன்னார்: மக்கள் மனத்தில் மதிப்பு அப்படி இறங்குவதாக இருந்தால், இன்றைக்கு முன்பதிவு செய்து முழு விலை தர யாருமே இருக்கமாட்டார்களே என்பது அவருடைய வாதம்.

இருவரும் பேசியது வாங்குவதைப் பற்றி. ஆடுவதைப் பற்றி இருவரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பணம் கைமாறும் நொடியில் விளையாட்டின் மதிப்பு முடிந்துபோவதில்லை. உண்மையில் அது அப்போது தொடங்கவேகூட இல்லை.

2014இல் ஆர்ஸ் டெக்னிக்கா இதழ் ஸ்டீம் கணக்குகளை மாதிரி எடுத்து ஆராய்ந்தது. பதிவாகியிருந்த விளையாட்டுகளில் சுமார் 37 சதவீதம் ஒரு முறைகூடத் திறக்கப்படாதவை என்று தெரிந்தது. வேறு விளையாட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தவை, தொகுப்பில் சேர்ந்து வந்தவை எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். ஆகவே முழுப் பழியையும் தள்ளுபடியின் மேல் போடுவது நியாயமாகாது. ஆனாலும் அந்த எண்ணைப் படித்தபோது என் பட்டியல்தான் என் கண்முன் வந்து நின்றது.

விலைக்கும் பயன்படுத்துவதற்கும் உள்ள உறவைப் பற்றி 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இருவர் செய்தது. ஓஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவம் முழுவதற்குமான டிக்கெட் வாங்க வந்தவர்களில் 60 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கே டிக்கெட். சிலருக்கு எதிர்பாராமல் 2 டாலர் தள்ளுபடி, சிலருக்கு 7 டாலர் தள்ளுபடி. யாருக்கு எது என்பது குலுக்கிப் போட்டதுபோல அமைந்தது. எல்லோரும் நாடகம் பார்க்கும் விருப்பத்தோடு வந்தவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். தள்ளுபடி பெற்ற இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் பின்தங்கினார்கள். 2 டாலர் குறைந்தாலும் 7 டாலர் குறைந்தாலும் விளைவு ஒன்றே.

சிறிய ஆய்வுதான். ஆனால் இதன் பிற்பகுதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பருவத்தின் இரண்டாம் பாதியில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது! கொடுத்த பணம் மனிதரைச் சில மாதங்கள் அரங்குக்கு இழுத்து வந்தது. அதன் பிறகு நாடகத்தின் மேல் உள்ள ஈர்ப்பு இருந்தால் வந்தார்கள், இல்லையென்றால் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஆய்வு ஒன்று விளையாட்டுக்கும் நாடகத்துக்கும் வெகு தூரத்தில் இருக்கிறது. கென்யாவில் கருவுற்ற பெண்களுக்குக் கொசுவலை கொடுப்பது பற்றியது. இலவசமாகக் கொடுத்தால் மதிக்கமாட்டார்கள், ஒரு சிறு தொகையாவது வாங்க வேண்டும் என்ற கருத்து அப்போது வலுவாக இருந்தது. ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபா என்ற பொருளியலாளர்கள் அதைச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். இலவசமாகப் பெற்றவர்கள், பணம் கொடுத்தவர்களுக்குக் குறையாமல் வலையைப் பயன்படுத்தினார்கள். விலை வைத்ததால் நேர்ந்ததெல்லாம், பலர் வலையை வாங்காமல் திரும்பிப் போனதுதான்.

இவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் வெகுநேரம் யோசித்திருக்கிறேன். கொசுவலையின் தேவை ஒவ்வொரு இரவும் தானாக வந்து கதவைத் தட்டுகிறது. அதை நினைவூட்ட விலை தேவையில்லை. விளையாட்டுக்கு அப்படி ஒரு கொசு கிடையாது. நம்முடைய விருப்பம் ஒன்றுதான் அதன் தேவை. அந்த விருப்பம் இருக்கும்போது வாங்கினால் விலை எதுவானாலும் ஆடுவோம். விருப்பம் இல்லாமல் விலைக்காக வாங்கியது, விருப்பம் வரும்வரை கிடக்கும். என்னைக் கேட்டால், பெரும் தள்ளுபடி செய்யும் உண்மையான மாற்றம் இதுதான். விளையாட்டின் மதிப்பை அது குறைப்பதில்லை. நாம் தீர்மானிக்கும் வேளையை அது பிடுங்கிக்கொள்கிறது. 'இன்றிரவு இதை ஆட வேண்டும்' என்று எழ வேண்டிய எண்ணத்தின் இடத்தில், 'வியாழக்கிழமையோடு சலுகை முடிகிறது' என்ற பதற்றம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஸ்டீம் தளத்தில் 2015 முதல் ஒரு வசதி உண்டு. வாங்கி 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். பிடிக்காத விளையாட்டிலிருந்து ஒருவரைக் காப்பாற்றும் நல்ல ஏற்பாடு. ஆனால் தள்ளுபடியில் பத்து விளையாட்டுகளைச் சேர்த்து வாங்கியவர் அந்த 14 நாள்களில் ஒன்றையாவது திறந்திருப்பாரா? நான் திறந்ததில்லை.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாணவனாக இருந்தபோது நான்கு மாதம் பணம் சேர்த்து ஒரு விளையாட்டை வாங்கினேன். மிகக் கடினமான ஆட்டம். முதல் கட்டத்தின் இறுதியில் நிற்கும் அரக்கனிடம் ஒரு வாரம் முழுக்கத் தோற்றேன். என்னால் அதை விட்டுவிட முடியவில்லை. சேர்த்த பணம் வீணாகக் கூடாதே என்ற ஒரே காரணத்துக்காக மறுபடி மறுபடி உட்கார்ந்தேன். எட்டாம் நாள், அவன் வலது தோள் அசைந்தால் இடப்பக்கம் விலக வேண்டும் என்பது பிடிபட்டது. அந்த நொடியில் விளையாட்டு எனக்கு முழுவதுமாகத் திறந்துகொண்டது. அதன் பிறகு பணத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. இந்த உரையின் தொடக்கத்தில் சொன்னேனே, விரல் தானாகப் போகும் அந்தப் பழைய விளையாட்டு, அது இதுதான்.

சில ஆண்டுகள் கழித்து, கையில் சம்பளம் வந்த காலம். அதே வகையைச் சேர்ந்த இன்னொரு விளையாட்டு, எட்டு விளையாட்டுகள் அடங்கிய தொகுப்பில் மிக மலிவாகக் கிடைத்தது. திறந்தேன். இருபதாவது நிமிடத்தில் இரண்டு முறை தோற்றேன். மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தேன். அதில் நல்லதாக ஒன்றும் இல்லை என்றுதான் பலரிடமும் சொல்லிவந்தேன். ஒரு வருடம் கழித்து நண்பர் ஒருவர், தம் வாழ்நாளில் ஆடியவற்றிலேயே சிறந்தது அதுதான் என்று கண்கள் விரியச் சொன்னார். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. நான் அந்த விளையாட்டைச் சுவைத்துப் பார்த்து ஒதுக்கவில்லை. சுவைக்கும் அளவுக்குப் பொறுத்திருக்கவே இல்லை. தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள். மலிவாக வந்த மாட்டை நான் ஏரில் பூட்டியே பார்க்கவில்லை.

கொடுத்த விலை வாங்கித் தருவது இந்தப் பொறுமையைத்தான் என்று நான் நம்புகிறேன். தொடக்கத்தில் கைகொடுக்காத விளையாட்டுகளுக்கு அது மிக முக்கியம். விதிகள் நிறைந்தவை, மெதுவாகக் கதை விரிப்பவை, தோற்கடித்துத் தோற்கடித்துக் கற்பிப்பவை, இவற்றுக்கெல்லாம் முதல் மூன்று மணி நேரம் ஆடுகிறவரின் நம்பிக்கை கடனாக வேண்டும். எடுத்த எடுப்பில் இனிக்கும் விளையாட்டைத் தள்ளுபடி ஒன்றும் செய்யாது. அது எந்த விலைக்கு வந்தாலும் நம்மைப் பிடித்துக்கொள்ளும்.

இப்படிச் சொல்வதால், குறைந்த விலை கொடுத்தவர் குறைவாக மதிக்கிறார் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. 2009இல் வேர்ல்ட் ஆஃப் கூ என்ற விளையாட்டைச் செய்தவர்கள், அதன் முதல் பிறந்தநாளை ஒட்டி, விரும்பிய விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். வழக்கமான விலை 20 டாலர். சுமார் 57,000 பேர் வாங்கினார்கள். சராசரியாக ஒருவர் கொடுத்தது 2 டாலருக்குச் சற்றே அதிகம். மிக அதிகம் பேர் தேர்ந்தெடுத்த விலை ஒரே ஒரு சென்ட். ஏன் இந்த விலை என்று கேட்டபோது, பலர் சொன்ன பதில், இப்போது என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்பது. நான்கு மாதம் பணம் சேர்த்த அந்த மாணவனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தால் அவனும் அதையே எழுதியிருப்பான். ஆகவே தள்ளுபடியே கூடாது என்று சொல்பவர்களோடு என்னால் சேர முடியாது. வெளிவந்து ஐந்தாறு ஆண்டுகளாகி, எல்லோரும் மறந்துவிட்ட ஒரு நல்ல விளையாட்டைப் புதிய தலைமுறை கையில் எடுப்பது பெரும்பாலும் தள்ளுபடியால்தான்.

என் மனத்தாங்கல் வேறொருவர் சார்பானது. முதல் நாளே முழு விலை கொடுத்து வாங்கியவர் சார்பானது. மூன்று மாதத்தில் அதே விளையாட்டு பாதி விலைக்கு வரும்போது, அதிகம் விரும்பியவருக்கு அதிகச் செலவு என்றாகிவிடுகிறது. அடுத்த முறை அவரும் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறார். ஜேசன் ரோரர் என்ற படைப்பாளி 2014இல் இதை எதிர்த்து எழுதி, தம் விளையாட்டின் விலையைத் தலைகீழாக அமைத்தார். உருவாகிக்கொண்டிருந்தபோது 8 டாலர், வெளியான வாரம் 12, அதன் பிறகு 16. முதலில் நம்பி வந்தவருக்கு மலிவு. ஃபாக்டோரியோ என்ற தொழிற்சாலை கட்டும் விளையாட்டைச் செய்தவர்கள் தள்ளுபடியே கொடுப்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சொன்னபடியே நிற்கவும் செய்கிறார்கள். 20 டாலராக இருந்த விலையை 2018இல் 30 ஆக்கினார்கள், 2023இல் 35 ஆக்கினார்கள். அந்த விளையாட்டைப் பார்க்கும் யாரும் 'கொஞ்சம் பொறுத்தால் குறையும்' என்று கணக்குப் போடுவதில்லை. எனக்கு வேண்டுமா என்ற கேள்வி மட்டுமே அவர்முன் நிற்கிறது. நான் மிகவும் மதிக்கும் நேர்மை இது. ஆனால் ஏற்கெனவே பேர் பெற்ற விளையாட்டுக்குத்தான் இந்த உறுதி கட்டுப்படியாகும் என்பதும் தெரிகிறது. யாரும் அறியாத சிறு குழு, தள்ளுபடி நாளில் கிடைக்கும் வெளிச்சத்தை விட்டால் வாடகை கொடுக்க முடியாமல் போகலாம். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

இப்போது நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தள்ளுபடி அறிவிப்பு வந்தால், இன்றிரவே ஆடுவேனா என்று கேட்டுக்கொள்கிறேன். ஆமாம் என்றால் மட்டும் வாங்குகிறேன். இதனால் சில நல்ல விலைகளைத் தவறவிட்டேன். அவை மறுபடியும் வந்தன.

பழைய பட்டியலையும் நான் கைவிடவில்லை. நண்பர் புகழ்ந்த அந்த விளையாட்டை, இருபது நிமிடத்தில் மூடியதை, சென்ற மாதம் மறுபடி திறந்தேன். இந்த முறை வேறெதையும் திறப்பதில்லை என்று முடிவுசெய்துகொண்டேன். நான்காம் நாள் அந்த இடத்தைத் தாண்டினேன். நேற்றிரவு, கதையில் ஒரு கலங்கரை விளக்கம் வரும் இடம்வரை வந்திருக்கிறேன். இங்கிருந்து வீட்டுக்குப் போனதும் அதன் படிகளில் ஏற வேண்டும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.