தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்: ஃப்ராங்க் வொரெல் பத்தி ஒரு பேச்சு

எல்லாருக்கும் மாலை வணக்கம். தலைமை தாங்குற எங்க தலைமையாசிரியர் ஐயா அவர்களே, டோர்னமெண்டுக்காக கிரவுண்டை நமக்கு விட்டுக்கொடுத்த ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ரத்த வங்கி வேனோட வந்திருக்கிற டாக்டர் மேடம், சிஸ்டர்ஸ், வருஷா வருஷம் கப் வாங்கித் தர்ற நம்ம ஹார்டுவேர் கடை அண்ணாச்சி, ஃபைனல் ஆடி முடிச்சு வேர்வையோட நிக்கிற தம்பிங்க, பேர் சொல்லாம விட்ட பெரியவங்க, எல்லாருக்கும் என் வணக்கம்.

வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃப்ராங்க் வொரெல் பத்தி மூணு விஷயம் பேசப்போறேன். ஒண்ணு பேட்டிங், ரெண்டு கேப்டன்சி, மூணு மனசு.

1924-ல பார்படாஸ்ல பொறந்தவர். வொரெல், வீக்ஸ், வால்காட், இங்கிலீஷ்ல டபிள்யூ எழுத்துல பேர் தொடங்குறதால 'மூணு டபிள்யூ'ன்னு சொல்ற இவங்க மூணு பேரும் ஒரே தீவுக்காரங்க. 51 டெஸ்ட், 3860 ரன், 1950-ல நாட்டிங்ஹாம்ல இங்கிலாந்தை அடிச்ச அந்த 261, பந்தை கடைசி நேரத்துல விக்கெட்டுக்குப் பின்னாடி தட்டி விடுற அவரோட லேட் கட் ஷாட்டைப் பத்தி மட்டுமே ஒரு மணி நேரம் பேசலாம்.

கேப்டன்சிக்கு வர்றேன். அதுவரைக்கும் அந்த டீமுக்கு வெள்ளைக்காரங்கதான் கேப்டன், நடுவுல 1948-ல ஒரே ஒரு டெஸ்ட்டுக்கு ஜார்ஜ் ஹெட்லி. ஒரு முழு சீரிஸுக்கும் கறுப்பினத்தவர் ஒருத்தர்னு போட்டது வொரெலைத்தான், 1960 ஆஸ்திரேலியா டூருக்கு. பிரிஸ்பேன்ல டெஸ்ட் வரலாற்றுலயே முதல் டை, அதாவது ரெண்டு டீமும் சரிசமமா ரன் எடுத்து முடிஞ்ச மேட்ச். சீரிஸ் 2-1னு தோத்தாங்க, ஆனா மெல்பர்ன் தெருவுல லட்சக்கணக்குல ஜனம் திரண்டு வழியனுப்புச்சு. தோத்த டீமுக்குங்க!

இப்ப நான் சொல்ல வந்த கதை. 1962 மார்ச், நம்ம இந்தியா டீம் வெஸ்ட் இண்டீஸுக்கு டூர் போயிருக்கு, கேப்டன் நாரி கான்ட்ராக்டர், இடது கை ஓப்பனர். பார்படாஸ் டீமோட மேட்ச், போடுறது சார்லி கிரிஃபித், ஹெல்மெட்ங்கிற பேச்சே இல்லாத காலம். பந்து வர்ற நேரம் பெவிலியன்ல யாரோ ஜன்னலைத் திறக்க, கவனம் அங்க போச்சுன்னு கான்ட்ராக்டரே பின்னாடி சொல்லியிருக்கார். தலையில அடி, மண்டையோடு உடைஞ்சுபோச்சு. அவசர ஆபரேஷன், ரத்தம் வேணும், ஊரோ கடல் தாண்டி, பொண்டாட்டி புள்ள யாரும் பக்கத்துல இல்ல. கை நீட்டினது யாரு? வொரெல்! எதிர் டீம் கேப்டன்! நம்ம பசங்க உம்ரிகர், போர்டே, நட்கர்னியும் கொடுத்தாங்க, அவங்க நம்மாளுங்க. தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்னு எங்க அப்பத்தா சொல்லும், சொந்த பந்தத்துக்குத்தான் அப்படி ஆடும்பாங்க, வொரெலுக்கு கான்ட்ராக்டர் என்ன மாமனா மச்சானா? ஆனாலும் ஆடுச்சே!

கான்ட்ராக்டர் பிழைச்சார். மண்டையில பிளேட் வெச்சது எங்கன்னு நினைக்கிறீங்க, நம்ம வேலூர் சிஎம்சியில, டாக்டர் சாண்டி. (கை தட்டுறீங்க, வேலூருக்குத் தட்டணும்தான்.) அந்த பிளேட்டை 2022-லதான் எடுத்தாங்க. டெஸ்ட் திரும்ப ஆடல, ஆனா ரஞ்சி ஆடினார்.

வொரெல் 1967-ல போயிட்டார், 42 வயசு, ரத்தப் புற்றுநோய். உடனே சில பேர் முடிச்சுப் போடுவீங்க, ரத்தம் கொடுத்ததுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, டாக்டர் மேடம் இங்கதான் இருக்காங்க கேட்டுக்கோங்க.

கொல்கத்தாக்காரங்க அவரை மறக்கல. பெங்கால் கிரிக்கெட் அசோசியேஷன் 1981-ல இருந்து பிப்ரவரி 3-ஐ ஃப்ராங்க் வொரெல் டேன்னு வெச்சு ரத்ததான முகாம் நடத்துது, கிரிக்கெட் பிளேயர்ஸ் வரிசையில நின்னு கொடுக்கிறாங்க. நம்ம ஜில்லாவுல எத்தனை டோர்னமெண்ட் நடக்குது, மைக் செட்டுக்கும் ஃப்ளெக்ஸுக்கும் செலவு பண்றோம், ஒரு ரத்த வேன் நிறுத்த முடியாதா? அண்ணாச்சி, அடுத்த வருஷம் கப்பு ஒண்ணு கம்மியானாலும் பரவாயில்ல, முகாம் நடக்கணும், மேடையிலயே கேக்குறேன். பிரசவத்துக்குப் போற பொண்ணு ரத்தம் கிடைக்காம அலையுறதை இந்த ஊர்ல பாக்காதவங்க யாரும் இல்ல. பக்கத்து வீட்டுப் புள்ளைக்கே சதை ஆடலேன்னா அப்புறம் என்னங்க!

18 வயசு முடிஞ்சு 45 கிலோ இருந்தா போதும், ரத்தத்தை டெஸ்ட் பண்ணிட்டுத்தான் எடுப்பாங்க, எடை கம்மியான ஆளுக்கு 350 மில்லி. ஆம்பளைங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பொம்பளைங்க நாலு மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். வெறும் வயித்தோட வராதீங்க, அந்தப் பக்கம் இட்லி இருக்கு, சாப்பிட்டுட்டு வேன் பக்கத்துல சிஸ்டர்கிட்ட பேர் கொடுங்க. ஃபைனல் ஆடின ரெண்டு கேப்டனும் முதல்ல வாங்க தம்பி.