ஹிண்டோக் முகாமின் டாக்டர்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, விழாவைத் தொடக்கி வைத்த மாண்புமிகு டத்தோ அவர்களே, நேரில் வர இயலாவிட்டாலும் தம் செயலாளரை அனுப்பிவைத்த சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, காலையிலிருந்து பந்தலில் அமர்ந்திருக்கும் தோட்டத்துத் தாய்மார்களே, வணக்கம்.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பார்கள் நம் முன்னோர். ஆஸ்திரேலிய இராணுவ மருத்துவர் எட்வர்ட் டன்லப்பின் போர்ப்பணி, குடும்பம், தொழில் ஆகிய மூன்றையும் பேச வந்திருக்கிறேன். 1907இல் விக்டோரியா மாநிலத்து வாங்கரட்டாவில் பிறந்த அவரை நண்பர்கள் ‘வியரி’, அதாவது களைத்தவர், என்று அழைத்தது டன்லப் டயரை வைத்துச் செய்த ஆங்கிலச் சிலேடை; ஆங்கிலத்தில் ‘டயர்டு’ என்றாலும் களைத்தவர்தான். ஆள் என்னவோ களைக்காதவர்.

1942இல் ஜாவாவில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட அவர், மறு ஆண்டு சயாம் மரண ரயில்பாதைக்கு, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்ட பாதைக்கு, கொண்டுசெல்லப்பட்டார். அந்தப் பாதையோரத்து ஹிண்டோக் முகாமில் மழையோடு காலராவும் வந்தது. காலரா கண்டவன் உடம்பிலுள்ள நீரெல்லாம் வெளியேறி, கண் உள்வாங்கி, கூடப் படுத்திருந்தவனுக்கே அடையாளம் தெரியாதபடி சில மணி நேரத்தில் சுருங்கிவிடுவான். நரம்பில் உப்பு நீர் ஏற்றினால் பிழைக்க வழியுண்டு. அந்தக் காட்டில் மருந்துக்கு எங்கே போவது? டன்லப்பும் உடனிருந்த மருத்துவர்களும் கிடைத்த தகரத்தையும் குழாயையும் கொண்டு நீரைக் காய்ச்சி வடித்தார்கள்; அதில் உப்பைக் கரைத்து வடிகட்டினார்கள்; மூங்கிலை ஊசிபோல் சீவி, ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாயை அதில் மாட்டி, சொட்டுச் சொட்டாக நரம்பில் இறக்கினார்கள். தாய்மார்களே, சோற்றில் உப்பிட்டவரை நாம் அறிவோம். இரத்தத்திலேயே உப்பிட்டவரை அறிவோமா? (கைதட்டல்)

போர் முடிந்து 1945 நவம்பரில், தமக்காகக் காத்திருந்த ஹெலன் பெர்கூசனை மணந்தார். இரண்டு ஆண் மக்கள். மெல்போர்னில் அறுவை மருத்துவராக இருந்தார்; 1956இல் ஆசிய நாடுகளுக்கு உதவும் கொழும்புத் திட்டத்தின்கீழ் தாய்லாந்துக்கும் இலங்கைக்கும் சென்றார்; 1969இல் சர் பட்டம் பெற்றார். குடும்பத்தைப் பற்றி விரிவாகவே பேச நினைத்தேன், தலைவர் மணி பார்க்கிறார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கமாட்டேன். முகாமில் அவர் ஒளித்து ஒளித்து எழுதிய நாட்குறிப்பு 1986இல் நூலாயிற்று. அந்த ரயில்பாதை போகும் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அதே பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து போய் அதே காலராவில் மாண்ட நம் பல்லாயிரம் பேரில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, ஏடும் இல்லை. உப்பிட்டவரை நினைக்கச் சொல்லும் நாம், உப்பு நீர்கூடக் கிடைக்காமல் போனவர்களை நினைக்க வேண்டாமா? வாசலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். சயாமுக்குப் போய்த் திரும்பாத உங்கள் தாத்தா, பெரியதாத்தா பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அதில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். எழுத வராதவர்கள் வாயால் சொன்னால் போதும், என் மகள் எழுதிக்கொள்வாள்.