ஊசியும் நூலும் பெரிதும் தருவது மன அமைதியே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கிளிநொச்சியில் இந்த மாலைப் பொழுதில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம். தையல், பூவேலை, பின்னல், நெசவு ஆகிய துணிக் கைவினைகள் நமக்குப் பெரிதும் தருவது வருமானமா, மன அமைதியா என்ற வினாவுக்கு, மன அமைதியே என்று வாதிட வந்திருக்கிறேன்.

போருக்குப் பின் வன்னியில் குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்களுக்குத் தையல் மெசின்தான் சோறு போட்டது என்றும், வயிறு காய்ந்தவளிடம் மன அமைதி பேசுவது வசதி படைத்தவரின் பேச்சு என்றும் எதிரணித் தலைவர் சொன்னார். ஆண்துணையற்ற பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலைப் பாடும் சங்கப் பாடல் ஒன்றையும் துணைக்கு அழைத்தார். அழைத்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். உயர்ந்த மலைமுகட்டில் கூட்டமாய்த் தவழும் மேகத்துக்குத்தான் அந்த நூல் அங்கே உவமையாகிறது. அவர்கள் பிழைப்புக்காக நூற்றார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பார்த்த புலவனின் மனத்தில் நின்றது கூலியல்ல, நூலின் நுண்மை.

தேவைக்காகத் தைப்பது என்றால் என்னவென்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 இன் முதல் மாதங்களில், புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்துகொண்டே இருந்த மக்கள், பதுங்குகுழியைச் சுற்றி அடுக்க மண்மூட்டைகள் போதாமல், சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்தார்கள். பெட்டியில் காத்து வைத்த பட்டும் கூறையும்கூட அதற்குத் தப்பவில்லை. தேவை கட்டளையிட்டது, கை தைத்தது. மீள்குடியேறிய பின்னர் அதே கைகள், தகரக் கொட்டிலின் கதவுத் திரையோரத்தில் சங்கிலித் தையலால் ஒரு பூங்கொடியை ஓடவிட்டன. திரைக்குக் கொடி தேவையில்லை. அதற்கு எவரும் காசு கொடுக்கவுமில்லை. அந்தக் கொடி ஏன் ஓடியது என்பதைப் பற்றித்தான் இந்தப் பட்டிமன்றம்.

வருமானம் என்றவுடன் ஆடைத் தொழிற்சாலையைக் காட்டினார்கள். அங்கே நடப்பதைச் சற்று நின்று பாருங்கள். நாள் முழுவதும் ஒருத்தி கழுத்துப்பட்டியை மட்டும் பொருத்துகிறாள், அடுத்தவள் கைப்பகுதியை மட்டும். மணிக்கு இத்தனை என்று இலக்கு உண்டு. நூலின் நிறத்தையும் தையலின் நீளத்தையும் தீர்மானித்தவர் வேறு நாட்டில் இருக்கிறார். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தச் சம்பளத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் அது தொழிற்சாலை வேலை. அதன் சம்பளத்தைக் கைவினையின் வரவில் எழுதுவது நேர்மையான கணக்காகாது.

வீட்டிலிருந்து செய்யும் கைவேலையின் கணக்கையும் பார்த்துவிடுவோம். தலையணை உறையொன்றில் காம்புத் தையலும் முடிச்சுத் தையலும் கலந்து ஒரு கொத்துப் பூப்போடப் பல மாலைகள் செல்லும். மெசினில் பூப்போட்ட உறை வவுனியாக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. தன் நேரத்துக்கு நாட்கூலி போட்டு விலை சொன்னால் வாங்குவார் இல்லை. வாங்குவார் கேட்கும் விலைக்குக் கொடுத்தால் மெசின் வாங்கிய கடனின் வாராந்தத் தவணைக்கும் போதாது. இதுதான் எதிரணி பெருமையாகச் சொல்லும் வருமானம்.

இனி என் பக்கம். பூவேலை செய்யும்போது இரு கைகளுக்கும் வெவ்வேறு வேலை: ஒன்று துணியைச் சட்டத்தோடு பிடிக்கிறது, மற்றது ஊசியை ஏற்றி இறக்குகிறது. ஒரே அசைவு, ஒரே இடைவெளி, மீண்டும் மீண்டும். அது முழுக் கவனத்தையும் விழுங்கிவிடுவதில்லை. முற்றிலும் விட்டுவிடவும் அனுமதிப்பதில்லை. கவனம் சிதறினால் அடுத்த தையல் கோணும், இல்லாவிட்டால் விரலில் குத்தும். வாழ்வில் எத்தனையோ காரியங்கள் நம் கையை மீறிப் போனவர்கள் நாம். இங்கேயோ அடுத்த நிறம் எது, இதழ் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைத் தைப்பவளே முடிவுசெய்கிறாள், பிடிக்காவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிறாள். பிரித்துத் தைக்க முடிகிற காரியங்கள் உலகில் அதிகமில்லை, நடுவர் அவர்களே. (நடுவர் சிரிக்கிறார்; அவருடைய சால்வைக் கரையை யார் தைத்தார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.)

இது என் கற்பனையல்ல. 2013 இல் வெளியான ஓர் ஆய்வில், 31 நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்களிடம் கேட்டபோது, அடிக்கடி பின்னுகிறவர்களே கூடுதலான அமைதியையும் மகிழ்ச்சியையும் உணர்வதாகத் தெரிந்தது. அவர்கள் தாமே சொன்னதுதான், மருந்துச் சோதனை அல்ல. அந்த வரையறையோடு ஏற்கலாம். அவர்களெல்லாம் வசதியான நாட்டவர்கள் என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. அப்படியென்றால் முதலாம் உலகப் போரில் காயப்பட்ட படைவீரர்களைப் பார்ப்போம். அவர்களுக்கு மருத்துவமனைகளில் பூத்தையல் கற்றுக்கொடுத்தார்கள். இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் பலிபீட விரிப்பை 138 படைவீரர்கள் சேர்ந்து தைத்தார்கள். கையிழந்தும் காலிழந்தும் படுத்திருந்த ஆண்கள் அவர்கள். பூவேலை பெண்களின் பொழுதுபோக்கு என்ற நினைப்பும், அது வசதியானவர்களின் விளையாட்டு என்ற வாதமும் அங்கேயே விழுந்துவிடுகின்றன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதே கிளிநொச்சியில், கந்தசுவாமி கோவிலடியில், 2017 பெப்ரவரி முதல், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போராடியிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நீதி. நீதிக்குப் பதிலாக ஊசியைக் கொடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்பவரை நானே எதிர்ப்பேன். மருத்துவரின் உதவி தேவைப்படும் மனத்துக்குப் பூவேலை போதும் என்றும் சொல்லமாட்டேன். அமைதி என்பது மறதியல்ல. பகலெல்லாம் கேள்வியோடு நிற்பவர்களுக்கும் மாலையில் ஒரு மணிநேரம் மூச்சு ஒழுங்காக வந்து போக வேண்டும். அந்த ஒரு மணிநேரத்தை மட்டுமே கைவினைக்காகக் கோருகிறேன்.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் ஒரு கேள்வி. பயிற்சி முடிந்து, ஓடர் நின்று, கொள்வனவாளர் வராமல் போன பின்னரும், வெட்டுத் துண்டுகளையும் நூல்கண்டுகளையும் எடுத்துக்கொண்டு மாதர் சங்கக் கட்டடத்தில் பெண்கள் கூடுகிறார்களே, அங்கே அவர்கள் சம்பாதிப்பது என்ன? வருமானம் என்றால் தொகையை இந்த மேடையிலேயே சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால், தீர்ப்பை எங்கள் பக்கம் எழுத நடுவர் தயங்கமாட்டார் என்று நம்பி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.