கவுண்டி வருமானம்: எண்களை வரிசையில் வைக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் உண்டு. நம் மாவட்டம் போல ஒரு பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2020 கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு கோடிப் பேர். டெக்சாஸின் லவிங் கவுண்டியில் 64 பேர். இரண்டுக்கும் "இடைநிலை வீட்டு வருமானம்" என்று ஒரு எண் சொல்கிறார்கள். அதாவது, எல்லா வீடுகளையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம். இந்த எண் காலப்போக்கில் ஏறியதா, இறங்கியதா என்று எப்படிக் கணிப்பது? அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில், வீடு என்றால் என்ன? ஒரு கூரையின் கீழ் வசிப்பவர்கள் அனைவரும். தனியாள் வசித்தாலும் அது ஒரு வீடுதான். உறவினர் சேர்ந்து வாழும் குடும்பங்களுக்கு மட்டும் வேறொரு எண் உண்டு. அது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். இரண்டையும் ஒரே வரிசையில் கலந்தால் இல்லாத வளர்ச்சி தெரியும். கல்லூரி விடுதி இந்தக் கணக்கில் வராது. ஆனால் வெளியே வாடகைக்கு இருக்கும் மாணவர்கள் வருவார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் கவுண்டி போன்ற பல்கலைக்கழக ஊர்களில் இடைநிலை தாழ்ந்து நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

தரவு எங்கிருந்து வருகிறது? 2000 வரை, பத்தாண்டுக் கணக்கெடுப்பின் நீண்ட படிவம் ஏறக்குறைய ஆறில் ஒரு வீட்டுக்குப் போனது. 2000-இல் கேட்டது 1999-ஆம் ஆண்டின் வருமானத்தை. 2005 முதல் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பு முழு அளவில் நடக்கிறது. அது மாதந்தோறும் நடப்பதால், பதில் சொல்லும் நாளுக்கு முந்தைய 12 மாத வருமானத்தைக் கேட்கிறது. 65,000 பேருக்கு மேல் உள்ள கவுண்டிக்குத்தான் வழக்கமான ஓராண்டு எண் கிடைக்கும். மற்றவற்றுக்கு ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்த எண்.

பலரும் இடறுவது இந்த ஐந்தாண்டு எண்ணில்தான். 2014–2018 எண்ணையும் 2015–2019 எண்ணையும் பக்கத்தில் வைத்து "ஓராண்டு மாற்றம்" என்று எழுதுகிறார்கள். ஐந்தில் நான்கு ஆண்டுகள் இரண்டுக்கும் பொது! ஊரின் ஒரே ஆலை கடைசி ஆண்டில் மூடப்பட்டிருந்தால், அந்த அடி ஐந்தில் ஒரு பங்கு மாதிரியில் மட்டுமே தெரியும். ஒப்பிடுவதென்றால் 2010–2014-ஐ 2015–2019-உடன் ஒப்பிடுங்கள்.

அப்படி ஒப்பிடும்போது டாலரின் மதிப்பைச் சரிசெய்ய வேண்டும். ஐந்தாண்டு எண் அதன் கடைசி ஆண்டின் டாலரில் இருக்கும். நாடு முழுமைக்கும் 2010–2014-இல் 53,482 டாலர். அது 2014-இன் டாலர். நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 2014-இல் 236.7, 2019-இல் 255.7. ஒன்றை மற்றதால் வகுத்தால் 1.08. பெருக்கினால் சுமார் 57,760. 2015–2019 எண் 62,843. ஆக, உண்மையான உயர்வு ஒன்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. விலைவாசியை மறந்தவர் பதினேழரை சதவீதம் என்பார். நடு ஆண்டான 2012-இன் டாலர் என்று நினைத்து அதற்கேற்பப் பெருக்குவதும் தவறுதான்.

அடுத்தது பிழை வரம்பு, அதாவது மாதிரியிலிருந்து கணித்த எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கக்கூடும் என்பது. ஒரு சிறு கவுண்டியில் முதல் எண் 52,000, கூட்டல் கழித்தல் 3,500. பிந்தையது, விலைவாசியைச் சரிசெய்த பிறகு, 55,000, கூட்டல் கழித்தல் 3,800 என்று வையுங்கள். இரண்டு வரம்புகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 5,170. வித்தியாசமோ அதைவிடக் குறைவு, 3,000. 90 சதவீத நம்பிக்கையில் உயர்ந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. தலைப்புச் செய்தியாகப் போடும் முன் இந்த ஒரு நிமிடக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும்.

இரண்டு கவுண்டிகளைச் சேர்க்கும்போது இடைநிலைகளின் சராசரியை எடுக்காதீர்கள். எந்த வருமான அடுக்கில் எத்தனை வீடுகள் என்று காட்டும் அட்டவணைகளைக் கூட்டுங்கள். மொத்தம் 20,000 வீடுகள், 50,000 டாலருக்குக் கீழே 9,400, அடுத்த பத்தாயிரம் டாலர் அடுக்கில் 2,000 வீடுகள் என்றால், நடு வீட்டை எட்ட இன்னும் 600 வேண்டும். இரண்டாயிரத்தில் 600, பத்தாயிரத்தில் 3,000. தோராயமாக விடை 53,000.

சிறு கவுண்டிக்கும் ஆண்டுதோறும் எண் வேண்டும் என்றால், சென்சஸ் பீரோவின் சிறுபகுதி வருமான, வறுமை மதிப்பீடு இருக்கிறது. வருமான வரிக் கணக்குகள், உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை போன்றவற்றிலிருந்து ஒரு மாதிரியுரு எண்ணைக் கணித்து, அதைக் கணக்கெடுப்பு எண்ணோடு சேர்க்கிறார்கள். கணக்கெடுப்பு எண் எவ்வளவு தள்ளாடுகிறதோ அவ்வளவுக்கு அதன் எடை குறையும். சிறு இடங்களுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் 2005-இல் அதன் அடிப்படைக் கணக்கெடுப்பே மாறியது. 2004-ஐயும் 2005-ஐயும் ஒரே கோட்டால் இணைக்காதீர்கள். வரைபடத்தில் அங்கே இடைவெளி விடுங்கள்.

எல்லைகளும் மாறும். கொலராடோவின் புரூம்ஃபீல்டு 2001-இல் நான்கு கவுண்டிகளிலிருந்து பிரிந்து உருவானது. கனெக்டிகட்டில் 2022 தரவு முதல் எட்டுக் கவுண்டிகளுக்குப் பதில் ஒன்பது திட்டமிடல் வட்டாரங்கள் வருகின்றன. அங்கே பழைய வரிசையை நீட்ட நினைப்பவர், ஊர் வாரியான அடுக்கு அட்டவணைகளை எடுத்துப் புதிய எல்லைக்குள் மீண்டும் கூட்ட வேண்டியிருக்கும்.

வணக்கம்.