நிலவு இழுக்கும் அளவும் கடல் எழும் அளவும்

மாணவச் செல்வங்களே, பெரியோர்களே, வணக்கம்.

1972 ஏப்ரலில் அப்போலோ 16 பயணத்தில் சென்ற சார்லஸ் டியூக், நிலவின் தரையில் நின்று எவ்வளவு உயரம் எம்பலாம் என்று பார்க்க ஆசைப்பட்டார். எம்பினார். முதுகில் கட்டியிருந்த உயிர்காப்புப் பெட்டி அவரைப் பின்பக்கமாகச் சாய்த்தது, மல்லாந்து விழுந்தார். அந்தப் பெட்டி உடைந்திருந்தால் அவர் உயிரோடு திரும்பியிருக்க மாட்டார்.

எடைதான் ஆறில் ஒரு பங்காகிவிட்டதே, பிறகு ஏன் சமாளிக்க முடியவில்லை? குறைந்தது எடை மட்டும். உடையும் பெட்டியுமாக 80 கிலோவுக்கு மேல் இருந்த நிறை, இங்கே எவ்வளவோ அங்கேயும் அவ்வளவே. ஒரு பொருளை அசைப்பதும், அசைந்ததை நிறுத்துவதும், கவிழத் தொடங்கியதைத் திருப்புவதும் நிறையைப் பொறுத்தவை. எடை என்பது அந்த நிறையைத் தரை பிடித்து இழுக்கும் விசை. சுருள்வில் தராசில் இங்கே 60 கிலோ காட்டும் அரிசி மூட்டை, நிலவில் 10 கிலோ காட்டும். அதையே தட்டுத் தராசில் வைத்தால் அங்கேயும் 60 கிலோ எடைக்கற்கள் வேண்டும். கற்களின் எடையும் அதே அளவில் குறைந்துவிடுகிறதல்லவா?

இனி பூமிக்கு வருவோம். நிலவு உச்சியில் நிற்கும்போது நம் எடை குறைகிறதா? குறைகிறது. 60 கிலோ உள்ளவருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதைவிடக் கனமானது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நிலவு நம் காலடிக்கு நேர் கீழே, பூமியின் மறுபுறத்தில் இருக்கும்போதும் அதே அளவு குறைகிறது.

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நிலவு பூமி முழுவதையும் இழுக்கிறது. ஆனால் எல்லா இடத்தையும் ஒரே அளவில் இழுப்பதில்லை. பூமியின் மையத்தோடு ஒப்பிட்டால், நிலவை நோக்கிய பக்கத்தில் இழுப்பு சுமார் 3 விழுக்காடு கூடுதல். மறுபக்கத்தில் 3 விழுக்காடு குறைவு. ஓதத்தை, அதாவது கடல் ஏறி இறங்குவதை, உண்டாக்குவது இந்த வேறுபாடுதான். அதனால்தான் கடல் இரண்டு பக்கமும் மேடிடுகிறது. சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றம் வருகிறது. சூரியன் பூமியை நிலவைவிட ஏறத்தாழ 180 மடங்கு பலமாக இழுக்கிறது. ஆனாலும் வெகுதொலைவில் இருப்பதால் இரு பக்கத்து வேறுபாடு சிறிது. அது எழுப்பும் ஓதம் நிலவுடையதில் பாதிகூட இல்லை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் சேர, ஏற்றம் பெரிதாகிறது.

ஒரு கோடியில் ஒரு பங்கு எடைக்குறைவு கடலை எப்படித் தூக்கும் என்று கேட்பீர்கள். நேராகத் தூக்குவதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் நீரைப் பக்கவாட்டில் நகர்த்திச் சேர்க்கிறது. மீதியைக் கரையின் அமைப்பு செய்கிறது. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குஜராத்தின் காம்பத் வளைகுடா உள்ளே போகப் போகக் குறுகுவதால், நுழைந்த நீர் ஒதுங்க இடமின்றி உயர்கிறது. அங்கே ஆலங் என்ற கடற்கரை ஊரில், உடைப்பதற்கு வரும் பழைய கப்பல்களை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்துக்காகக் காத்திருந்து, முழு வேகத்தில் கரையை நோக்கிச் செலுத்துகிறார்கள். கடல் சுமார் பத்து மீட்டர் இறங்கியதும், அத்தனை பெரிய கப்பல் சேற்றில் தனியே நிற்கிறது. தொழிலாளர்கள் நடந்தே அதன் அடிப்பாகத்துக்குப் போய்விடுகிறார்கள். பாரந்தூக்கிகள் செய்ய முடியாத வேலையை நிலவும் கரையும் செய்து முடிக்கின்றன.

கடலையே இழுக்கும் நிலவு, உடம்பிலுள்ள தண்ணீரை இழுக்காதா என்று என்னிடம் அக்கறையோடு கேட்பவர்கள் உண்டு. அதைக் கேட்டுப் பௌர்ணமியன்று மருந்தைத் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: கடலுக்குப் பூமியின் அகலம் இருக்கிறது, நமக்கு இரண்டு மீட்டர்கூட இல்லை. நம் தலைக்கும் காலுக்கும் இடையே நிலவின் இழுப்பில் உள்ள வேறுபாடு, நம் எடையில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் இரத்தத்தில் ஓதம் எழாது. மருத்துவர் சொன்ன நாளில் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள்.