கத்தி கண்ணாடியா மின்னுது, ஆனா தக்காளி வெட்டல! சாணை கிளிப் பண்ற வேலை

வணக்கம் மக்களே! இந்த கத்திய பாருங்க, முகம் பாத்து தலை சீவலாம், அப்படி மின்னுது. இப்போ தக்காளி மேல வெக்கிறேன்... பாத்தீங்களா, தோல் கிழியாம அமுங்குது, அமுங்குது, பொளக்! சட்டையெல்லாம் விதை. அரை மணி நேரம் சாணைக்கல்லுல தேய்ச்ச கத்திங்க இது, அதுவும் ஆங்கிள் மாறக்கூடாதுன்னு முதுகுல இந்த கிளிப்ப மாட்டி.

கல்லு பத்தி ஒரே வரி: வீட்டு கத்திக்கு 1000 கிரிட் போதும் (கிரிட்னா கல்லோட சொரசொரப்பு நம்பர், நம்பர் கூடினா கல்லு நைஸ்), விளிம்புல பல்லு விழுந்திருந்தா மட்டும் முதல்ல 400. ஊறப்போடுற வகைன்னா தண்ணில முக்கி குமிழி நிக்கிற வரைக்கும் விடுங்க. அவ்ளோதான்.

இப்போ மேட்டருக்கு வருவோம். கிளிப் டப்பால 15 டிகிரின்னு போட்டிருந்துச்சு, அதாவது கல்லுக்கும் கத்திக்கும் நடுவுல இருக்க ஆங்கிள். ஆனா கிளிப்புக்கு டிகிரின்னா என்னன்னே தெரியாது மக்களே, அதுக்கு தெரிஞ்சதெல்லாம் உயரம் மட்டும்தான்! கத்தி முதுக கல்லுல இருந்து இவ்ளோ தூக்கி வெக்கும், அத்தோட அதோட வேலை முடிஞ்சுது. பத்தாங்கிளாஸ்ல சைன் தீட்டா எதுக்கு படிக்கிறோம்னு கேட்டோம்ல? இதுக்குத்தான். எதிர்ப்பக்கம் பை கர்ணம், இங்க எதிர்ப்பக்கம்னா முதுகு தூக்குற உயரம், கர்ணம்னா கத்தியோட அகலம், முதுகுல இருந்து விளிம்பு வரைக்கும். 45 மில்லிமீட்டர் அகலமான கத்திக்கு 15 டிகிரி வேணும்னா முதுகு கிட்டத்தட்ட 11.6 மில்லிமீட்டர் தூக்கணும். அதே உயரத்த என்னோட 60 மில்லிமீட்டர் பட்டா கத்தில (தக்காளிய அமுக்குச்சே, அதேதான்) வெச்சா ஆங்கிள் 11 சொச்சத்துக்கு படுத்துடும், பழம் நறுக்குற 25 மில்லிமீட்டர் குட்டி கத்தில வெச்சா கிட்டத்தட்ட 28க்கு எகிறிடும், அதுல நீங்க விறகு பொளக்கலாம்! ஒரே கிளிப், மூணு கத்தி, மூணு ஆங்கிள். இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல, ஸ்கேல எடுத்துட்டு வீட்டுல இருக்க கத்தியெல்லாம் அளந்துட்டு இருந்தேன், வீட்டுல ஒரு மாதிரி பாத்தாங்க.

என் பட்டா கத்தி ஏற்கனவே 20 டிகிரில சாணை பிடிச்சது, ஐரோப்பா ஸ்டைல் கத்திங்க பெரும்பாலும் அப்படித்தான், ஜப்பான் கத்திங்கதான் 15 பக்கம் போகும். நான் 11ல படுக்கப்போட்டு தேய்ச்சதால கல்லு விளிம்ப தொடவே இல்ல, அதுக்கு மேல இருக்க தோள்பட்டைய மட்டும் பாலிஷ் போட்டு விட்டிருக்கு. அதான் அந்த மினுமினுப்பு!

இத கண்டுபிடிக்க ஒரு மார்க்கர் போதும். விளிம்பு ஓரமா மை தடவுங்க, நாலு தடவ தேய்ங்க, திருப்பி பாருங்க. மேல மட்டும் மை போயிருந்தா முதுக இன்னும் தூக்கணும், விளிம்புல மட்டும் போயிருந்தா இறக்கணும், மொத்தமா போயிருந்தா சரியான ஆங்கிள். காசே வேணாம்னா ஒரு பேப்பர் மூலைய எடுங்க, அது 90, ஒரு மடிப்பு 45, இன்னொரு மடிப்பு 22.5, அந்த முக்கோணத்த கல்லு மேல வெச்சு அதுக்கு கொஞ்சம் கீழ கத்திய பிடிங்க.

அப்புறம் ஒரு பக்கம் தேய்ச்சுட்டே இருந்தா மறுபக்கம் பிசிறு எழும்பும். கட்டை விரல முதுகுல இருந்து விளிம்ப நோக்கி வெளிய இழுத்தா (நீளவாக்குல இழுக்காதீங்க, தையல் போடணும்) நகத்துல மாட்டுற மாதிரி ஒரு சொரசொரப்பு தெரியும். அடி முதல் நுனி வரைக்கும் பிசிறு வந்த பிறகுதான் திருப்பணும், முன்னாடி திருப்புனா பாதி கத்தி மொன்னையாவே நிக்கும். கடைசில மாத்தி மாத்தி லேசா தேய்ச்சு பிசிற எடுத்துடுங்க.

கிளிப்ப தூக்கி போடணுமான்னா வேணாம், கை பழகுற வரைக்கும் இருக்கட்டும், உள்பக்கம் ஒரு டேப் ஒட்டிக்கோங்க, இல்லன்னா கத்தில கோடு போட்டுடும், என்னுதுல போட்டுடுச்சு.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இந்த கிளிப் ஒத்தே வராது, நம்ம அருவாமனை. வளைஞ்ச கத்தி, அடில கட்டை வேற. உங்க வீட்டுல அத எப்படி சாணை பிடிக்கிறீங்க, அம்மில தேய்ப்பீங்களா, தெருவுல சைக்கிள் சாணைக்காரர் வந்தா குடுப்பீங்களா, கமெண்ட்ல சொல்லுங்க, நான் இந்த சட்டைய ஊறப்போட்டுட்டு வரேன்.