சேமிக்கும்போதே பெயர் வையுங்கள்: இணையப் பக்கங்களை வீட்டுக் கணினியில் வைத்துக்கொள்ளும் முறை

வணக்கம். திரையில் ஒரு ஃபோல்டரைத் திறந்து வைத்திருக்கிறேன், கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். "முகப்பு", "முகப்பு (1)", "முகப்பு (2)", "இண்டெக்ஸ்", "பெயரிடப்படாதது". எல்லாமே இணையத்திலிருந்து சேமித்த பக்கங்கள். உள்ளே நல்ல விஷயங்கள் இருக்கின்றன. ஆனால் எதற்குள் எது இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும். உங்கள் கணினியிலும் இப்படி ஒரு ஃபோல்டர் இருக்கக்கூடும். இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

முதலில், எதற்காகச் சேமிக்க வேண்டும்? புக்மார்க் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் நிறைய. புக்மார்க்கில் இருப்பது முகவரி மட்டும்தான். அந்த முகவரியில் பக்கம் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் ஒரு கணக்கு வெளியிட்டது: 2013-இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம், பத்து ஆண்டுகள் கழித்துத் தேடியபோது கிடைக்கவில்லை. தனித்தனிப் பக்கங்கள் மட்டும் போவதில்லை. ஜியோசிட்டீஸ் என்ற சேவையில் உலகமெங்கும் மக்கள் சொந்தமாகப் பக்கங்கள் வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் ஜப்பான் தவிர மற்ற இடங்களில் அது மொத்தமாக மூடப்பட்டது. ஆகவே உங்களுக்கு உண்மையிலேயே வேண்டிய பக்கம் என்றால் அது உங்கள் கணினியிலும் ஒரு பிரதியாக இருக்கட்டும்.

சரி, சேமிக்கலாம். சைக்கிள் சங்கிலியைக் கழற்றி மாட்டுவது எப்படி என்று படங்களோடு விளக்கும் ஒரு பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ட்ரோல் விசையோடு எஸ் அழுத்துங்கள், மேக் என்றால் கமாண்டும் எஸ்ஸும். ஒரு பெட்டி திறக்கும். அதில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். மேலே கோப்பின் பெயர். அதன் கீழே எந்த வகையில் சேமிப்பது என்ற பட்டியல். பெரும்பாலோர் இரண்டையும் பார்க்காமல் நேராக சேவ் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். பிற்பாடு வரும் சிக்கல்களில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

குரோமிலும் எட்ஜிலும் மூன்று வகைகள் இருக்கும். எச்டிஎம்எல் என்பது இணையப் பக்கங்களை எழுதும் மொழி. "எச்டிஎம்எல் மட்டும்" என்றால் எழுத்தும் பக்கத்தின் எலும்புக்கூடும் மட்டும் வரும். படங்களை அது ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்தே எடுத்துக் காட்டும். இன்றைக்குத் திறந்தால் பல பக்கங்கள் படத்தோடு நன்றாகத் தெரியும், நாமும் நம்பிவிடுவோம். அந்தத் தளம் போன அன்று படங்களும் போய்விடும். சைக்கிள் சங்கிலிக்குப் படம் இல்லாமல் என்ன செய்வது?

"முழுப் பக்கம்", அதாவது கம்ப்ளீட், இரண்டு பொருள்களை உண்டாக்கும். ஓர் எச்டிஎம்எல் கோப்பு, அதே பெயரோடு "_files" (அண்டர்ஸ்கோர் ஃபைல்ஸ்) என்று முடியும் ஒரு ஃபோல்டர். படங்கள், வடிவமைப்புக் கோப்புகள் எல்லாம் அந்த ஃபோல்டருக்குள் போகும். மூன்றாவது "ஒரே கோப்பு", சிங்கிள் ஃபைல். இதில் எழுத்து, படம் எல்லாம் எம்எச்டிஎம்எல் என்ற ஒற்றைக் கோப்பாகக் கட்டப்பட்டு வரும். இந்த வடிவத்துக்கான விதிமுறை 1999-இலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனாலும் ஃபயர்பாக்ஸ் இதைத் தானாகத் திறக்காது. சஃபாரி தனக்கென்று வெப்ஆர்க்கைவ் என்ற வேறு வடிவம் வைத்திருக்கிறது.

இப்போது பெயர் மாற்றத்துக்கு வருகிறேன். குழப்பம் அதிகம் இங்கேதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

"முழுப் பக்கம்" வகையில் சேமித்திருக்கிறீர்கள், பெயர் "முகப்பு". அதன் அருகில் "முகப்பு_files" ஃபோல்டர், சுருக்கமாக "முகப்பு" ஃபோல்டர் என்றே சொல்கிறேன். விண்டோஸில் இந்த இரண்டும் பசுவும் கன்றும் மாதிரி. கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்தினால் ஃபோல்டரும் கூடவே போகும். கோப்பை அழித்தால் ஃபோல்டரும் அழியும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதை வைத்துத்தான் விண்டோஸ் இந்த உறவைக் கண்டுபிடிக்கிறது.

கோப்பின் பெயரை மட்டும் "சைக்கிள் சங்கிலி" என்று மாற்றினால் என்ன ஆகும்? திறந்து பாருங்கள், பக்கம் நன்றாகவே தெரியும், படங்களும் வரும். ஏனென்றால் கோப்புக்குள்ளே "படம் முகப்பு ஃபோல்டரில் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறது, அந்த ஃபோல்டரும் பழைய பெயரில் அங்கேயே இருக்கிறது. ஆனால் உறவு அறுந்துவிட்டது. அடுத்த முறை கோப்பை மட்டும் பென்டிரைவுக்குக் கொண்டுபோனால் ஃபோல்டர் இங்கேயே தங்கிவிடும். பிறகு ஒருநாள் "இதென்ன முகப்பு என்று ஒரு ஃபோல்டர், யாருக்கு வேண்டும்" என்று அதை அழித்தும்விடுவோம்.

கோப்புக்கு வைத்த புதுப் பெயரையே ஃபோல்டருக்கும் வைத்தால் சரியாகிவிடுமா? பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் பக்கத்தைத் திறந்தால் படம் இருக்காது, வடிவமைப்பு குலைந்து, எழுத்தெல்லாம் ஒரே வரிசையாகக் கொட்டிக் கிடக்கும். உள்ளே இருக்கும் குறிப்பு இன்னும் பழைய ஃபோல்டரைத்தான் தேடுகிறது, அந்தப் பெயரில் இப்போது எதுவும் இல்லை. பக்கம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஃபோல்டருக்குப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

முறையாக மாற்ற இரண்டு வழிகள் உண்டு. எளிய வழி: சேமித்த கோப்பை உலாவியில் திறந்து, மறுபடி கண்ட்ரோல் எஸ் கொடுத்துப் புதுப் பெயரில் சேமிப்பது. உலாவியே புதுப் பெயரில் ஃபோல்டரையும் உண்டாக்கி, உள்ளே இருக்கும் குறிப்புகளையும் மாற்றிவிடும். புதியதைத் திறந்து சரிபார்த்த பிறகு பழையதை அழியுங்கள். இன்னொரு வழி: எச்டிஎம்எல் கோப்பை நோட்பேடில் திறந்து, கண்ட்ரோல் எச் கொடுத்து, பழைய ஃபோல்டர் பெயர் வரும் எல்லா இடத்திலும் புதுப் பெயரைப் போடுவது. இதில் ஒரு தொல்லை உண்டு. பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால், உள்ளே அது % குறியும் எண்களும் கலந்த நீளமான வரிசையாக மாறியிருக்கலாம். அதனால் முதல் வழியையே சொல்வேன்.

இவ்வளவு சுற்றும் எதற்கு? சேவ் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு, அந்தப் பெட்டியிலேயே நல்ல பெயர் எழுதிவிட்டால் இதில் ஒன்றுமே தேவையில்லை. கோப்பும் ஃபோல்டரும் பிறக்கும்போதே சரியான பெயரோடு பிறக்கும். அந்தப் பெட்டியில் தானாக வரும் பெயர் பக்கத்தை உருவாக்கியவர் வைத்த தலைப்பு. அவர் தன் தளத்துக்காக வைத்தார், உங்கள் ஃபோல்டரில் நீங்கள் தேடுவதற்காக வைக்கவில்லை. அது "முகப்பு" என்றும் இருக்கலாம், தளத்தின் பெயர், விளம்பர வாசகம் எல்லாம் சேர்ந்து முழ நீளத்துக்கும் இருக்கலாம்.

எப்படிப் பெயர் வைப்பது? ஆறு மாதம் கழித்து இதைத் தேடும்போது என்ன சொல்லை டைப் செய்வீர்களோ, அந்தச் சொல் பெயரில் முதலில் வரட்டும். "சைக்கிள் சங்கிலி மாற்றுதல்". அதன் பிறகு தளத்தின் பெயர், கடைசியில் சேமித்த தேதி. செய்தி, விதிமுறை, விலைப்பட்டியல் மாதிரி காலத்தோடு மாறுகிற விஷயம் என்றால் தேதியை முன்னால் வையுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: 2025-03-14. இது ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம். பெயர் வரிசைப்படி அடுக்கினாலே கால வரிசையும் தானாக அமைந்துவிடும் என்பதுதான் இதன் அழகு. 14/03/2025 என்று எழுத விண்டோஸ் விடவும் விடாது, சாய்கோடு அங்கே தடை. \ / : * ? " < > | இந்த ஒன்பது குறிகளும் விண்டோஸ் கோப்புப் பெயரில் வரக்கூடாது. கேள்விக்குறியோடு முடியும் தலைப்புகளில் அந்தக் குறி காணாமல் போவது இதனால்தான்.

நீளத்தையும் பாருங்கள். விண்டோஸின் பல நிரல்கள் டிரைவ் எழுத்திலிருந்து கோப்பின் பெயர் வரை மொத்தம் 260 எழுத்துக் குறியீடுகள் என்ற பழைய எல்லைக்குள்தான் இன்னமும் வேலை செய்கின்றன. "முழுப் பக்கம்" வகையில் நீளமான தலைப்பு ஃபோல்டர் பெயரிலும் வருகிறது, அதற்குள் படங்களின் பெயர்கள் வேறு. காப்பி செய்யும்போது பாதியில் நின்றுபோவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

தமிழில் பெயர் வைக்கலாமா என்றால், தாராளமாக வையுங்கள். நானும் தமிழில்தான் வைக்கிறேன், தேடவும் எளிது. ஒன்றை மட்டும் தெரிந்து வைத்திருங்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. பைட் என்பது கணினி இடத்தை அளக்கும் அலகு. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகிறது. "சைக்கிள்" நம் கண்ணுக்கு நான்கு எழுத்துதான், ஆனால் உள்ளே எட்டுக் குறியீடுகள், 24 பைட். எனவே தமிழ்ப் பெயர் சுருக்கமாக இருக்கட்டும்.

அப்புறம், சேமிப்பதற்கு முன்பு பக்கத்தைக் கடைசி வரை மெதுவாக உருட்டிப் பாருங்கள். இப்போது பல தளங்களில் நாம் கீழே போகப் போகத்தான் படங்கள் வருகின்றன. உருட்டாமல் சேமித்தால் கீழ்ப்பகுதிப் படங்களின் இடம் காலியாக இருக்கும். சேமித்து முடித்ததும் வைஃபையை அணைத்துவிட்டுக் கோப்பைத் திறந்து பாருங்கள். இணையம் இல்லாமல் முழுதாகத் தெரிந்தால்தான் அது உங்களிடம் இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை. தயவுசெய்து செய்யுங்கள், அரை நிமிட வேலை.

நான் எந்த வகையைச் சொல்வேன்? வீட்டுத் தேவைக்கு ஒற்றைக் கோப்பு. பெயரை எத்தனை முறை மாற்றினாலும் உள்ளே எதுவும் உடையாது, தவறிப்போக ஃபோல்டரும் இல்லை. குரோம், எட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு எம்எச்டிஎம்எல் கையிலேயே இருக்கிறது. இன்னும் நல்லது சிங்கிள்ஃபைல் என்ற, உலாவியில் சேர்த்துக்கொள்ளும் இலவச நீட்சி. அது படங்களையும் உள்ளே பொதிந்து சாதாரண எச்டிஎம்எல் கோப்பாகவே தருகிறது, எந்த உலாவியிலும் திறக்கும். படிப்பதற்கு மட்டும் என்றால் பிடிஎஃப் போதும். விண்டோஸில் எட்ஜிலும் ஃபயர்பாக்ஸிலும் எஃப் 9 அழுத்தினால், வாசிப்பு முறைக்கு ஒத்துவரும் பக்கமாக இருந்தால், விளம்பரம் எல்லாம் விலகிக் கட்டுரை மட்டும் நிற்கும். அதிலிருந்து கண்ட்ரோல் பி கொடுத்து பிடிஎஃப் ஆக்கிவிடலாம்.

பெயரைச் சுருக்கினால் பக்கம் எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோகுமே என்று தோன்றலாம். குரோமில் சேமித்த எச்டிஎம்எல் கோப்பை நோட்பேடில் திறந்தால், தொடக்கத்திலேயே "சேவ்டு ஃப்ரம் யூஆர்எல்" என்ற குறிப்பும் முழு முகவரியும் இருக்கும். எம்எச்டிஎம்எல் கோப்பிலும் மேல் வரிகளில் முகவரி பதிவாகியிருக்கும். ஆனால் நான் சொன்ன மறுபடி சேமிக்கும் வழியில் போனால் இந்தக் குறிப்பு மாறிவிடக்கூடும், முகவரியை முதலில் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்கில் உள்நுழைந்த நிலையில் சேமித்த பக்கங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் பெயர், மின்னஞ்சல் எல்லாம் அந்தக் கோப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கும், சில சமயம் திரையில் தெரியாத இடத்திலும். அப்படிப்பட்ட கோப்பை வேறு யாருக்கும் அப்படியே அனுப்பாதீர்கள். எல்லோருக்கும் திறந்திருக்கும் பக்கம் என்றால், முகவரியை இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் கொடுத்து ஒரு பிரதி சேமிக்கச் சொல்லலாம். 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் சேவை அது, நமக்குப் பின் தேடுகிறவர்களுக்கும் உதவும்.

கடைசியாக, ஏற்கனவே குவிந்து கிடக்கும் பழைய ஃபோல்டர். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற உட்காராதீர்கள், பாதியில் சலித்துவிடும். எதையாவது தேடித் திறக்கிறீர்களா, அந்த ஒன்றுக்கு அப்போதே பெயர் வையுங்கள். பிடிஎஃப், எம்எச்டிஎம்எல் என்று ஒற்றைக் கோப்புகளாக இருந்தால் வேகமாகவே முடிக்கலாம். விண்டோஸில் முதல் கோப்பில் எஃப் 2 அழுத்திப் பெயர் எழுதி, என்டருக்குப் பதில் டேப் அழுத்துங்கள். அடுத்த கோப்பின் பெயர் தானாகத் திருத்தத்துக்குத் திறக்கும், மௌஸைத் தொடவே வேண்டாம். ஃபோல்டரோடு சேர்ந்த கோப்புகளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அவற்றை உலாவியில் திறந்து ஒற்றைக் கோப்பாக மறுபடி சேமித்துக்கொள்ளுங்கள். சிங்கிள்ஃபைல் நீட்சியில் தேதியும் தலைப்பும் நாம் விரும்பும் வரிசையில் தானாகவே பெயரில் வரும்படி அமைக்க முடியும். அடுத்த வீடியோவில் அதைத் திறந்து செய்து காட்டுகிறேன். வணக்கம்.